ஞாயிற்றுக்கிழமைக் கதிரை

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக ஓடும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. இதைப் பார்த்து நல்ல எழுத்தில் படியெடுக்கப்போகும் தம்பி பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தைத் திருத்தவேண்டாம். சில இடங்களில் அவருக்கு ஆசை வரும்.

மாணவர்கள் சேர்ந்து தமிழ் மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். ஜெர்மனிக்கு முதலில் வந்த குடும்பங்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கம்போல நான், “டொக்டரம்மாவைக் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தேன். மனைவி விடவில்லை.

“எனக்கு நடந்ததை எழுதினால் நாலு வரிதான் வரும். வந்தன், படிச்சன், வேலை செய்யிறன். இவரைக் கேளுங்கோ. இவருக்குத்தான் எழுத இருக்கு,” என்றாள்.

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். எழுத இருப்பது என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மனைவி எனக்கு மாமி மகள், அதாவது அப்பாவின் தங்கையின் மகள். அவள் பிறந்த நாளிலேயே எனக்கென்று பேச்சு. அதற்குப் பிறகு நான் ஐந்தாம் வகுப்போடு கொழும்பில் சொந்தக்காரர் ஒருவரின் கடைக்குப் போய்விட்டேன். அவள் படித்துப் படித்து டொக்டராகிவிட்டாள். பழைய பேச்சை இனி யாரும் எடுக்கமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இஞ்சினியர், கணக்காளர் என்று எத்தனையோ சம்பந்தங்கள் வந்தன. அவள், “மச்சான் இருக்கிறார்தானே” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் யோசித்துப் பார்த்துவிடுவாளோ என்ற பயம். சின்ன வயதில் ‘நீ’ என்று கூப்பிட்டவளை அவள் மருத்துவக் கல்லூரிக்குப் போனதிலிருந்து ‘நீர்’ என்றுதான் கூப்பிடுகிறேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாய் தானாக மாறிவிட்டது.

அவள்தான் முதலில் ஜெர்மனிக்கு வந்தாள். மொழி படித்து, ஆஹென் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் விருந்தாளி டொக்டராக இருந்தாள். விருந்தாளி என்றால் பார்க்கலாம், படிக்கலாம், பொறுப்பாக ஒன்றும் செய்ய முடியாது. உதவிப் பணத்தில் சீவியம். அடுத்த வருஷம் அவள் ஊரில் விட்டுவந்த எங்கள் கைக்குழந்தையோடு நானும் வந்து சேர்ந்தேன். கூரைக்குக் கீழே சரிந்த சுவரோடு ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். எங்கே நிமிர்ந்தாலும் தலை இடிக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு இடம். ‘இடம்’ என்றுதான் எங்கள் வீட்டில் அதைச் சொல்வோம். குழந்தை வைத்தியத்தில் சிறப்புப் படிப்புப் படிக்கவேண்டுமானால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி அவளைச் சம்பளத்தோடு எடுத்து, வருஷக்கணக்கில் வைத்துப் பழக்கவேண்டும். அந்த வருஷம் முடிவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் உதவிப் பணமும் நின்றுவிடும், விசாவும் முடிந்துவிடும். திரும்பிப்போனால் கிராமத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டியதுதான் என்று அவள் சொல்வாள். ஊர் ஊராக எழுதிப்போட்டாள். பதில்கள் எல்லாம் மரியாதையாகவே வந்தன. வருந்துகிறோம் என்ற ஜெர்மன் சொல்லை நான் அந்தக் கடிதங்களைப் பார்த்தே படித்தேன்.

அவள் காலையில் போனால் இருட்டியபின்தான் வருவாள். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே பிள்ளையைப் பார்த்தேன். சமைத்தேன். நிலவறையில் இருந்த பொது மெசினில் துணி தோய்த்தேன். சமையல் எனக்குப் புதிதல்ல. கொழும்புக் கடையில் வேலைசெய்யும் பெடியன்கள் எல்லாம் கடைக்குப் பின்னாலேயே படுத்து எழும்பி, முறைவைத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். அங்கே என் முறை வரும் நாளில் எல்லோரும் ஒரு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்கள். ஆனால் ஆண்கள் ஆண்களுக்குச் சமைத்தால் அது வேலை. பெண்சாதிக்குச் சமைத்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதவில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வண்டியில் வைத்துப் பிள்ளையை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு கையால்தான் தள்ளுவேன். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன், யாரோ ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதைப்போல. அந்தக் காலத்தில் ஜெர்மன் ஆண்களும் வண்டி தள்ளுவது குறைவு. கிழவிகள் நின்று பார்ப்பார்கள். சிலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவுக்குச் சுகமில்லையா என்று இரக்கத்தோடு கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், “யா, யா” என்று சொல்லிவிட்டு நடப்பேன். அப்படி எத்தனை தரம் என் மனைவியை நோயாளியாக்கினேனோ தெரியாது.

ஜெர்மன்காரர் பார்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் பார்ப்பதுதான் ஏலாது. ஆஹெனில் அப்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள் என்றால் இந்தியாவிலிருந்து இஞ்சினியரிங் படிக்க வந்த மாணவர்கள்தான். அவர்களில் மதராஸ் பெடியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லாமல் கொள்ளாமல் வருவான். நல்ல பிள்ளை. கலகலவென்று பேசுவான். பசியோடு வருவான்.

படியில் அவன் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நடக்கும். நான் ஏப்ரனைக் கழற்றுவேன். அவள் அதை வாங்கிக் கட்டுவாள். நான் கையைக் கழுவிக்கொண்டு யன்னலோரக் கதிரையில் போய் உட்கார்ந்து, கீழ்வீட்டு அம்மா படித்துவிட்டுத் தந்த ஜெர்மன் பேப்பரை விரிப்பேன். ஒரு எழுத்தும் விளங்காது. அவன் உள்ளே வரும்போது நான் வீட்டுக்காரன், அவள் வீட்டுக்காரி. இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. முதல் ஞாயிறு அவள், “இஞ்சருங்கோ, அதைக் கழட்டுங்கோ, ஆள் வருது” என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான். என் மானத்தை அவள் காப்பாற்றினாள். நானும் காப்பாற்றக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது மாணவன் சொல்வான்: “அக்கா, யூ ஆர் கிரேட். நாள் முழுக்க ஆஸ்பிட்டல்ல நின்னுட்டு, எப்படி இந்தக் குழம்பு? எங்கம்மாவே தோத்துருவாங்க.”

“அதிலை என்ன இருக்கு தம்பி,” என்பாள் அவள், என்னைப் பாராமல்.

“அண்ணா, நீங்க லக்கி. கொஞ்சம்கூட ஹெல்ப் பண்ணமாட்டீங்களா?”

“அவருக்கோ? அவருக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது,” என்று அவள் சிரிப்பாள்.

நானும் சும்மா இருக்கமாட்டேன். நாடகம் சரியாக இருக்கவேண்டும் என்று, நானே ஆக்கிய கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்புக் கொஞ்சம் காணாது” என்பேன். ஒரு தரம் அவள் உண்மையாகவே எழும்பிப் போய் உப்புப் பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு நல்ல சேதி வந்தது. பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி. அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு இடம். பெரிய டொக்டர் அவளைக் கூப்பிட்டுப் பேசி, வேலையைப் பார்த்து, தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். ஆனால் டொக்டர்மார் ஆஸ்பத்திரி வளவுக்குள் இருக்கும் வீட்டில்தான் குடியிருக்கவேண்டும். இரவு வேலைக்கு எந்த நேரமும் கூப்பிடுவார்கள். அந்த வீடுகளுக்கு யாரை விடுவது என்று தீர்மானிப்பது தலைமை மதர். சின்னப் பிள்ளைக்காரி என்றதும் மதர் யோசித்தாராம். ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

“என்ன பாக்கப் போறா?” என்று கேட்டேன்.

“நான் இரவு வேலைக்குப் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு.”

“நான்தானே.”

“ஓம். அதைத்தான் பாக்கட்டும்,” என்றாள். அன்றைக்கு அவள் முகம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தது என்பது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலையே தொடங்கிவிட்டேன். தகரப் பேணியில் வரும் மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து, பாண்தூளில் உருட்டி, கட்லட் பொரித்தேன். ரவையில் கேசரி கிண்டினேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, சாப்பாடும் தீத்திவிட்டேன். மனைவி யன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். மதர் வரும்போது நான் ஏப்ரனோடு குசினியில் நிற்பதே நல்லது என்று அவள் சொன்னாள். நானும் சம்மதித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கன்னியாஸ்திரி, அதுவும் வெள்ளைக்காரி, அவர் போய் யாருக்குச் சொல்லப்போகிறார்?

மதர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. மதராஸ் மாணவன்.

இந்த இடத்தைப் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். “தம்பி, இண்டைக்கு ஒரு ஆள் வருது, பேந்து வாரும்” என்று அனுப்பியிருக்கலாம். விருந்தாளியை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது எங்களுக்குப் பழக்கமில்லை. அது வாயில் வராது. மற்றது, கை தன்பாட்டில் ஏப்ரனை அவிழ்த்துவிட்டது. மனைவி அதை வாங்கிக் கட்டிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

“ஸாரி அண்ணா, சொல்லாம வந்துட்டேன். வாசனை தெருவரைக்கும் வருது. அக்கா, கட்லெட்டா?”

அவன் உட்கார்ந்து சற்று நேரத்தில் மதரும் வந்துவிட்டார். உயரமான, வயதான மனுஷி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் யன்னலோரக் கதிரையிலிருந்து எழும்பிக் கைகொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். பேப்பர் என் மடியில் இருந்தது. மனைவி குசினிக்கும் மேசைக்குமாக ஓடினாள். கோப்பி ஊற்றினாள். எனக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். மாணவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

மதர் ஏதோ கேட்டார். மனைவி வாய் திறப்பதற்குள் மாணவன் முந்திக்கொண்டு ஜெர்மனில் நீளமாகப் பதில் சொன்னான். கையை விரித்து, என்னைக் காட்டி, அவளைக் காட்டி, பெருமையாகச் சொன்னான். எனக்கு அப்போது விளங்கவில்லை. மனைவியின் கையில் கோப்பிப் பாத்திரம் அந்தரத்தில் நின்றதை மட்டும் கண்டேன். பிறகுதான் அவள் சொன்னாள். எங்கள் பண்பாட்டில் ஆண்கள் குசினிப் பக்கமே போவதில்லை, இந்த அக்கா ஆஸ்பத்திரியிலும் உழைத்து வீட்டிலும் தனியாளாக எல்லாம் செய்கிறாள், இப்படி ஒரு பெண்ணை உங்கள் நாட்டில் காணமுடியாது என்று புகழ்ந்தானாம். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அவன் நினைத்தான். அவனுக்கு ஜெர்மன் தெரியும் என்பதால் அவளால் மறுத்துச் சொல்லவும் முடியவில்லை.

அந்த நேரம் பிள்ளை கட்டில் விளிம்பில் இடறி விழுந்தது. பெரிய அடியில்லை. ஆனால் வீரிட்டு அழுதுகொண்டு எழும்பி, கைகளை நீட்டிக்கொண்டு நேரே என்னிடம் ஓடி வந்தது. அதற்கு வேறு யாரிடம் போகத் தெரியும்? நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று ஏறப்பார்த்தது. மாணவன் என்னைப் பார்த்தான். மதர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டு, “அம்மாட்டைப் போ” என்றேன்.

பிள்ளை நம்பவில்லை. மறுபடியும் என்னிடம் வந்தது. மறுபடியும் திருப்பினேன். கடைசியில் மனைவி ஓடிவந்து தூக்கினாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தது.

என் வாழ்நாளில் பல வெட்கங்கள் பட்டிருக்கிறேன். கடையில் மொத்த வியாபாரிகள் முன்னால் கணக்குப் பிழைத்து நின்றிருக்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று யாரோ கேட்க, மாமி பேச்சை மாற்றியதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அவையெல்லாம் மற்றவர்கள் எனக்குத் தந்த வெட்கம். இது நானே எனக்குச் செய்துகொண்டது.

மதர் கோப்பியைக் குடித்து முடித்தார். கட்லட் மிக நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். போகும்போது அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த வாரமே கீழ்வீட்டு அம்மாவின் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. மனைவி பேசிவிட்டு மேலே வந்தாள். நான் குசினியில் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நின்றேன்.

“இல்லையாம்,” என்றாள்.

“ஏனாம்?”

“பெரிய டொக்டர்தான் கதைச்சவர். அவருக்கும் கவலை. மதர் சொன்னவவாம், இந்தப் பிள்ளைக்கு வீட்டிலை ரெண்டு பிள்ளையள் இருக்கு, ஒண்டு சின்னன், மற்றது கதிரையிலை இருக்குது, இவளுக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை, இவளைக் கூப்பிட்டு வந்து கொல்லுறதோ எண்டு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு அது சிரிப்பில்லை என்று கண்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அதைத் துடைத்தேன்.

“நான் போய்ச் சொல்லுறன்,” என்றேன்.

“என்னத்தைச் சொல்லுவியள்? வேண்டாம். வேறை இடம் பாப்பம்.”

“வருஷம் முடியுது.”

“முடிஞ்சால் முடியட்டும். நீங்கள் அங்கை போய் நிண்டு, நான் பீத்துணி தோய்க்கிறனான் எண்டு சொல்லவேண்டாம். எனக்கு ஏலாது அது.”

அவளுக்கு ஏலாது. எனக்கும் ஏலாதுதான். ஆனால் இடம் அவளுடையது. அவள் காலையில் போனபின் நான் பிள்ளைக்குச் சட்டை போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மாணவன் இருந்த விடுதிக்குப் போனேன். மதரிடம் பேச எனக்கு ஜெர்மன் போதாது. மொழிபெயர்க்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன். இந்த விஷயத்தை யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தோமோ அவனிடமே முதலில் சொல்லவேண்டியிருந்தது.

சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அப்போ அந்தக் குழம்பு?”

“நான்தான்.”

“கட்லெட்?”

“அதுவும்.”

“அண்ணா, நீங்க உப்பு கம்மின்னு சொன்னீங்களே! ஒவ்வொரு வாட்டியும் சொன்னீங்களே!”

“சொன்னனான்.”

அவன் வெடித்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்திவிட்டான். “ஐயோ, நான் அந்த மதர்கிட்ட என்னெல்லாம் சொன்னேன்,” என்றான். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாடம் இருந்ததோ என்னவோ, கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் மதர் எங்களை இருத்தினார். சுவரில் சிலுவையைத் தவிர ஒன்றும் இல்லை. பிள்ளை என் மடியில் இருந்தது.

“சொல்லுங்க அண்ணா, நான் சொல்றேன்,” என்றான் மாணவன்.

“வீட்டிலை சமைக்கிறது நான் எண்டு சொல்லும். பிள்ளையைக் குளிப்பாட்டுறது, தீத்துறது, துணி தோய்க்கிறது எல்லாம் நான். அவ இரவிலை வேலைக்குப் போனால் ஒரு கரைச்சலும் இல்லை.”

அவன் சொன்னான். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கான ஜெர்மன் சொற்கள் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து எனக்குத் தெரியும். இவன் சொன்னதில் சமைப்பதும் இல்லை, தோய்ப்பதும் இல்லை. மனைவிக்கு இவர் சில நேரம் ‘உதவி செய்வார்’ என்ற சொல்தான் இரண்டு தரம் வந்தது. பாவம், இப்போது அவனும் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

மதர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். எழும்பப்போகிறார் என்று தெரிந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவும் அதில் போய்விட்டது. “நைன். நிஹ்ட் ஹெல்ஃபென்,” என்றேன். உதவி இல்லை என்று. நெஞ்சில் கையை வைத்து, “இஹ். கொஹென், இஹ். வாஷென், இஹ். கிண்ட், இஹ்,” என்றேன். சமைப்பது நான், தோய்ப்பது நான், பிள்ளை நான். குரல் கூடிவிட்டது. பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மதர் எழும்பவில்லை. என்னிடம் கேட்காமல் மாணவனிடம் ஏதோ கேட்டார். அவன் எனக்குச் சொல்லத் தயங்கினான்.

“என்னவாம்?”

“அப்போ அன்னைக்கு ஏன் குழந்தையைத் தூக்கலைன்னு கேக்கறாங்க.”

வெட்கத்துக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். மதர் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு இன்னொன்று கேட்டார்.

“யாரைப் பாத்து வெட்கம்னு கேக்கறாங்க,” என்றான் அவன். பிறகு தானே தலையைக் குனிந்துகொண்டு மதரிடம் ஒரு சொல் சொன்னான். ‘என்னை’ என்று சொல்லியிருக்கவேண்டும்.

மதர் எழும்பி யன்னலண்டை போய் என்னை வரச்சொன்னார். கீழே பெரிய முற்றம். நடுவில் துணிக்கொடிகள். மூன்று பக்கமும் ஆஸ்பத்திரியின் யன்னல்கள். இன்னொரு பக்கம் டொக்டர்மார் வீடுகள். அதைக் காட்டி ஏதோ கேட்டார். மாணவன் இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்: இங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் அந்தக் கொடியில்தான் துணி காயப்போடவேண்டும், நோயாளிகளும் நேர்ஸ்மாரும் டொக்டர்மாரும் பார்ப்பார்கள், உங்கள் வீட்டுத் துணியை யார் வந்து போடுவது?

“இஹ்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மனைவிக்கு அன்று பின்னேரமே சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. “அவனுக்குமோ சொன்னியள்?” என்று மட்டும் கேட்டாள். மதரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் எழுதும் கடிதங்களில் போகும், எப்படியோ சுற்றிச் சுழன்று ஊருக்கும் போய்ச் சேரும் என்று நினைத்தாள். “டொக்டர் பெண்சாதி புருசனைக் குசினிக்குள்ளை விட்டிருக்கிறாள் எண்டு என்னைத்தான் சொல்லுவினம். உங்களை இல்லை,” என்றாள். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அத்தனை ஞாயிறும் என் மானத்தை மட்டும்தான் அவள் காப்பாற்றினாள் என்று நான் நினைத்திருந்தேன். சில நாட்கள் எங்கள் வீட்டில் பிள்ளையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நத்தார் பண்டிகைக்கு முன்னால் இடம் கிடைத்தது. தையில் ஆஸ்பத்திரி வளவுக்குக் குடிபோனோம்.

முதல் வாரம் நான் துணி தோய்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏதேதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். பிறகு பிள்ளைக்குப் போட மாற்றுத் துணி இல்லாமல் போய்விட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். நல்ல வெயில், கடுங்குளிர். ஈரத்துணி கொடியில் போடப்போடவே விறைத்துப் பலகைபோல நின்றது. பிள்ளையின் துணிகள், என் சாரம், அவளுடைய பாவாடைகள். யன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஒரு நேர்ஸ் இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் நிமிரவில்லை. ஆனால் ஒரு தரம் எப்படியோ கண் மேலே போய்விட்டது. குழந்தைகள் பிரிவு யன்னலில் பெரிய டொக்டரும் அவரைச் சுற்றி வெள்ளைக் கோட்டுக்காரர்களும் நின்றார்கள். அவர்களுக்குள் அவளும் நின்றாள்.

பின்னேரம் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “எல்லாரும் பாத்தவை.”

“ஓம்.”

“பெரிய டொக்டர் கேட்டவர், கீழை நிக்கிறது ஆரெண்டு.”

பிள்ளையின் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“என்ரை மனுசன் எண்டு சொன்னனான்,” என்றாள்.

அவள் முகம் சிவந்திருந்தது. குளிரில் வந்ததால் இருக்கலாம். அலுமாரியிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக்கொண்டு வந்து, “கையைக் காட்டுங்கோ, வெடிச்சிருக்கும்,” என்றாள். வெடித்துத்தான் இருந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றேன்.

17 மார்கழி 1978, ஞாயிற்றுக்கிழமை